வாசல் தண்ணீர்

எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தவர் இன்னும் கால்மேல் கால் போடவில்லை. போட்டால் என்ன, யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒருமுறை தோன்றத்தான் செய்தது. ஆனால் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி வாசல் சேர்வையிடம் கொடுத்துவிட்ட பிறகு, வெறுங்காலை எங்கே வைத்துக்கொள்வது என்பதே ஒரு பெரிய காரியமாகிவிட்டிருந்தது. தன் காலைத் தானே இப்படி உட்கார்ந்து பார்த்து எத்தனை காலமாயிற்று. நாற்பத்தெட்டு வயதுக் கால். விரல்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி வெளுத்துப் போய், மண்ணுக்குள்ளிருந்து அப்போதுதான் தோண்டி எடுத்த கிழங்கு மாதிரி. இந்தக் காலுக்கா ஒரு குழந்தை தண்ணீர் ஊற்ற வேண்டும்? மருதங்கோட்டை அரண்மனையில் வழக்கம் அப்படி. சிறையிலிருந்தோ சண்டையிலிருந்தோ கடல் கடந்தோ திரும்பி வருகிற அந்த வீட்டு ஆண் தானாக வடக்கு வாசற்படியைத் தாண்டக்கூடாது. அவன் பெற்ற பிள்ளை வந்து காலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிள்ளையை யாரும் ஏவக்கூடாது, தடுக்கவும் கூடாது. உச்சிமணி அடிக்கிறவரை அவன் உட்கார்ந்திருக்கலாம். அதற்குள் தண்ணீர் வராவிட்டால் வந்த வழியே போய்விட வேண்டும். வாசல் தண்ணீர் என்று அதற்குப் பெயர். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், இந்த வீட்டு ராஜகுமாரி மங்களாம்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு மாப்பிள்ளையாக வந்த புதிதில், இதைக் கேட்டுக் கோந்தே அல்விசே வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே எங்கேயோ அவர் மகள் தையல்நாயகி இருக்கிறாள். பதினோரு வயது. அவர் போலீஸ் வண்டியில் ஏறியபோது ஐந்து. அவள் வருவாளா, வரமாட்டாளா? வராவிட்டால் பம்பாயில் இருபதாம் தேதி புறப்படுகிற கப்பலில் அவர் பெயர் இருக்கிறது. யுத்த காலத்துக் காவல் முகாமிலிருந்து விடுதலையான இத்தாலிக்காரர்கள் அத்தனை பேரும் அதில் ஊர் திரும்புகிறார்கள். கூரை போய்விட்டது, திராட்சைக்கொடி பிழைத்துவிட்டது, வந்து சேர் என்று அண்ணன் எழுதியிருக்கிறான்.

“மோர் கொண்டாரச் சொல்லட்டுங்களா?” என்றார் வாசல் சேர்வை முத்திருளப்பன். முப்பது வருஷமாக அந்த வாசலைக் காக்கிற ஆள். மீசை மட்டும் நரைத்திருந்தது.

“குடிக்கலாமா?”

“குடிக்கலாம் மாப்பிள்ளைசாமி. வழக்கமெல்லாம் காலுக்குத்தான். வாய்க்கு இல்லீங்களே.”

மோர் வந்தது. இஞ்சியும் கறிவேப்பிலையும் உப்பும் தொண்டையில் இறங்கினபோது ஆறு வருஷத்துப் பவுடர் பாலெல்லாம் எங்கேயோ கழுவிக்கொண்டு போனது போலிருந்தது, கண்ணில்கூடக் கொஞ்சம் நீர் வந்தது, இஞ்சி காரம் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். மாப்பிள்ளைசாமி என்று சேர்வை முகத்துக்கு நேரே சொல்கிறார். முதுகுக்குப் பின்னால் கோந்து மாப்பிள்ளை என்பார், இந்த அரண்மனையில் எல்லாரும் அப்படித்தான். கோந்தே என்பது அவர் குடும்பத்துப் பட்டம். இத்தாலியில் பியாவே ஆற்றங்கரையில் நானூறு வருஷமாக இறங்கி வந்தது. நிலம் மூத்தவனுக்கு, பட்டம் எல்லாருக்கும். இளையவரான அல்விசேக்குப் பட்டமும், குதிரையை இறுக்கிப் பிடிக்கத் தெரிந்த இரண்டு முழங்காலும்தான் பங்காக வந்தன. மருதங்கோட்டை ராஜா ஐரோப்பாவுக்குப் போய் மூன்று குதிரை வாங்கினார், நாலாவதாக இவரும் கப்பலேறிவிட்டார் என்று மங்களாம்பா சொல்லுவாள். வந்த ஒரு வாரத்துக்குள் பட்டம் கோந்தாகிவிட்டது. அதையும் அவள்தான் வந்து சொன்னாள், சொல்ல முடியாமல் சிரித்து, கதவைப் பிடித்துக்கொண்டு. ‘ஒட்டினா ஒட்டினதுதானாம், லேசுல பிய்க்க முடியாதாம்.’ வீட்டோடு மாப்பிள்ளை. அந்தச் சொல்லின் எடை அவருக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. பந்தியில் முதல் இலை கிடைக்கும், ஆனால் பரிமாறுகிறவர்கள் ஒரு நொடி ராஜாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பரிமாறுவார்கள். அந்த ஒரு நொடி. அது புதிதும் இல்லை. அவர் பிறந்த வீட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பெரிய படம் உண்டு. முப்பாட்டனுக்கு முப்பாட்டன் ஒருவர், ஏதோ ஒரு குட்டி தேசத்தை ஆண்ட சீமாட்டியைக் கட்டிக்கொண்டு போனவர். நடுவில் சீமாட்டி, அவள் மடியில் நாய், சுற்றிலும் அவள் அண்ணன் தம்பிகள், அவர் மட்டும் ஓரத்தில், சட்டம் பாதித் தோளை வெட்டிவிட்ட இடத்தில், ஒரு கையைக் குதிரையின் கழுத்தில் வைத்துக்கொண்டு. சின்ன வயதில் அண்ணனும் அவரும் அந்தப் படத்தைக் காட்டிக் காட்டிச் சிரிப்பார்கள். குதிரை யாருடையது? அதுவும் பெண்டாட்டியுடையது! மேலே மாடியில் பட்டுப்புழுக்கள் முசுக்கட்டை இலையைத் தின்கிற சத்தம், ஓட்டுமேல் சன்னமாக மழை பெய்கிற மாதிரி, இரவும் பகலும். அந்தப் படத்து மனிதரின் முகம் எப்படியிருந்தது என்று முகாமில் எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்தார். குதிரையின் முகம்தான் ஞாபகம் வந்தது.

அதனால்தான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டார். ஆமாம், அதனால்தான். நவராத்திரி தர்பாருக்கு மாப்பிள்ளைமார் எல்லாரும் அவரவர் வம்சத்து உடையில் வர வேண்டுமென்று ராஜா ஆசைப்பட்டார். அல்விசே பெட்டியின் அடியிலிருந்து தன் குதிரைப்படைச் சீருடையை எடுத்து உதறினார். பூச்சி அரிக்கவில்லை. ‘வேணாங்க,’ என்றாள் மங்களாம்பா, ‘பட்டு வேட்டியே போதும், உங்களுக்கு அதுதான் எடுப்பா இருக்கு.’ ஒருநாள், ஒரே ஒரு சாயங்காலம், படத்தின் ஓரத்தில் நிற்காமல் நடுவில் நிற்கலாமே என்று அவருக்கு இருந்தது. தொப்பியில் இறகு, இடுப்பில் வாள், ஐந்து வயதுத் தையல் அந்த இறகைப் பிடித்து இழுக்கிறாள். மெட்ராஸ் பத்திரிகையில் படம் வந்தது. எட்டு மாதம் கழித்து இத்தாலி பிரிட்டிஷாரோடு யுத்தத்தில் இறங்கிய வாரம், அதே படம் கத்தரித்து ஒட்டப்பட்டு ஒரு போலீஸ் அதிகாரியின் மேஜைமேல் இருந்தது. எதிரி நாட்டுப் படை உடுப்பு. சமஸ்தான தர்பாரில். செய்த குற்றம் ஒன்றுமில்லை, அழகாக உடுத்திக்கொண்டதைத் தவிர. அன்றைக்கு ஜூன் மாதம், காலை, இதே வாசல். அதிகாரி கைக்கடியாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தையல் ஓடிவந்து கால்சட்டையைப் பிடித்தாள். ‘எப்ப வருவீங்க?’ ‘சாயங்காலம்.’ ஏன் அப்படிச் சொன்னாய்? வேறென்ன சொல்வது, தெரியாது என்று சொன்னால் அழுதிருப்பாள். அழட்டுமே, அழுதால் என்ன. இல்லை, அவள் அழுவாள் என்பதற்காக இல்லை. அவள் அழுதால் நானும் அழுதிருப்பேன், அந்த அதிகாரி பார்த்திருப்பான், கோந்தே ஒருவன் இங்கிலீஷ்காரன் முன்னால் அழுதான் என்று ஆகியிருக்கும். அவ்வளவுதான் காரணம். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு முகாமில் இரண்டு வருஷம் பிடித்தது. கண்டுபிடித்த பிறகும் மனசு அந்த இடத்துக்கே போய்ப் போய் முட்டிக்கொண்டு நின்றது, ஈ கண்ணாடியில் முட்டுகிற மாதிரி. சாயங்காலம். முகாமில் கடிதம் இருபத்துநாலு வரிதான் எழுதலாம், அதுவும் இங்கிலீஷில். மங்களாம்பா சின்ன வயதில் கவர்னஸ் துரைசானியிடம் படித்த இங்கிலீஷில் எழுதினாள்: குழந்தை தினமும் பொழுது சாய்ந்ததும் வடக்கு வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறாள், விளக்கு வைத்ததும் எழுந்து வந்துவிடுகிறாள், நாங்கள் சொன்னால் கேட்கவில்லை, அப்பா சொன்னார் என்கிறாள். அடுத்த கடிதத்தில்: நாற்பத்தொரு நாள் உட்கார்ந்தாள். இன்றைக்குப் போகவில்லை. அதற்கடுத்த எந்தக் கடிதத்திலும் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தையல் எழுதவும் இல்லை. அவர் இங்கிலீஷில் எழுதியதை அம்மா தமிழில் வாசித்துச் சொன்னால், இது அப்பா பேசுகிற மாதிரி இல்லை என்று எழுந்து போய்விடுவாளாம். சண்டை முடிந்து, காகிதம் நகர்ந்து, விடுதலை என்று ஆனபோது மங்களாம்பாவிடமிருந்து வந்த கடைசிக் கடிதம் மூன்றே வரி. வாசல் தண்ணீர் உண்டு. நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது.

வெயில் தோரணக் கல்லைத் தாண்டி இறங்கி அவர் கால்கட்டைவிரலைத் தொட்டது. காலை இழுத்துக்கொண்டார். அப்போதுதான் தூணோரம் ஒரு பிள்ளை குந்தியிருப்பதைப் பார்த்தார். எப்போது வந்ததோ. தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது, கறுத்து மெலிந்த கை, சாயம் போன பச்சைப் பாவாடை, விரலெல்லாம் மை. காவல்காரர் யாருடைய பெண்ணாகவோ இருக்கும். மாங்காய்க் கீற்று ஒன்றைக் கடித்துக்கொண்டு அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

“ஒன் பேரு என்ன?”

மாங்காய் நறுக்கென்றது.

“உள்ளே தையலைப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“என்ன பண்றா?”

“யோசிச்சிக்கிட்டிருக்கா.”

“என்ன யோசனை?”

“அவ யாருகிட்டயும் சொல்ல மாட்டா.” கொஞ்ச நேரம் மென்றது. “நீங்க ஏன் லாயத்துக்காரங்க மாதிரி பேசுறீங்க?”

“அவங்கதான் எனக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தாங்க. குதிரைக்குப் புரிஞ்சா மனுசனுக்கும் புரியும்னு சொன்னாங்க.”

அந்த முகத்தில் சிரிப்பு வரப்பார்த்தது, வரவில்லை. அல்விசேக்கு உற்சாகமாகிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் முதல்முறையாக யாரோ ஒரு குழந்தை தன்னோடு பேசுகிறது. “நீ அவளுக்குச் சிநேகிதியா? அவ எப்படியிருக்கா இப்போ? இவ்வளவு உயரம் இருப்பாளா? முடி நீளமா இருக்குமே. தேன் நிறத்துல, வெயில்ல நின்னா பொன்னு மாதிரி. எங்க அம்மாவுக்கு அப்படித்தான். அவ முடியை நான்தான் சீவி விடுவேன், வேற யாரு தொட்டாலும் கத்துவா.”

பிள்ளை எழுந்தது. மாங்காய்த் தோலைச் சுவரோரம் எறிந்தது. ஒட்ட வெட்டிய தலையை ஒருமுறை கையால் தடவிக்கொண்டது. திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குள் நடந்து போயிற்று. சேர்வை பாராக்காரன் மாதிரி நேரே நிமிர்ந்து நின்று வழிவிட்டதை அல்விசே பார்த்தார். காவல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு யாரும் அப்படி நிமிர்ந்து நிற்பதில்லை. அதற்குப் பிறகும் அவருக்கு விளங்க ஒரு மூச்சு நேரம் ஆயிற்று.

“சேர்வை.”

“சாமி.”

“அது யாரு?”

சேர்வை தரையைப் பார்த்தார். “போன வருசம் பெரிய காய்ச்சலுங்க. டைபாய்டு. பொழைக்குமான்னே இருந்துச்சு. தலையை மழிச்சிட்டாங்க. இப்பத்தான் இந்த மட்டுக்கு மொளைச்சிருக்கு. நான் முன்னாடியே சொல்லக்கூடாதுங்களே சாமி, யாரும் எடுத்துக் குடுக்கக்கூடாது. வழக்கம்.”

வழக்கம், வழக்கம், வழக்கம். நாற்காலியின் பிரம்பு தொடையை அறுத்தது. பெற்ற மகளிடமே, நீ அவளுக்குச் சிநேகிதியா என்று கேட்ட அப்பன் உலகத்தில் உண்டா? ஆறு வருஷம் அவர் மனசுக்குள் வளர்த்தது வேறு யாரையோ. கட்டிலில் படுத்துக்கொண்டு வருஷத்துக்கு இரண்டு அங்குலம் அவளை உயர்த்தினார், பல் விழ வைத்தார், பல் முளைக்க வைத்தார், முடியை மட்டும் வளரவிட்டுக்கொண்டே இருந்தார், இடுப்புவரைக்கும், தேன் நிறத்தில், அவருடைய அம்மாவின் முடி, அவருடைய ஊரின் வெயில். காய்ச்சலில் கிடந்த இவளை அவர் பார்க்கவில்லை. டைபாய்டை மங்களாம்பா எழுதவில்லை. இருபத்துநாலு வரிக்குள் அடங்காது என்று விட்டிருப்பாள், அல்லது தூரத்திலிருந்து இவர் என்ன செய்துவிடப்போகிறார் என்று. அந்த ராத்திரிகளில் தலைமாட்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? மழித்தபோது கத்தினாளா? வேறு யார் தொட்டாலும் கத்துவாளே. இப்போது உள்ளே போய் என்ன சொல்வாள், யாரிடமும் சொல்லமாட்டாள். யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவளே சொன்னாள். அது நல்லதா? யோசிக்கிறவள் இன்னும் முடிவு செய்யவில்லை என்றுதானே அர்த்தம். இருந்தது, அரை மணிக்கு முன்னால்வரை இருந்தது. வெள்ளைத் தாளாக ஒரு வாய்ப்பு இருந்தது, நானே அதில் மையைக் கொட்டிவிட்டேன். அவள் விரலில் மை. எதை எழுதிக்கொண்டிருந்தாள்? கால் இரண்டும் சில்லென்று இருந்தன, வெயில் நன்றாக மேலே விழுந்திருந்தும். பம்பாய்க் கப்பல் என்று நினைத்துப் பார்த்தார். தளத்தில் நிற்கலாம், காற்று வீசும், யாரையும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டிய கடமை இராது. அந்த நினைப்பு எவ்வளவு சுகமாக இருந்ததோ அவ்வளவு பயமாகவும் இருந்தது.

பதினொன்றரைக்கு மங்களாம்பாவின் அண்ணனான ராஜாவே வந்துவிட்டார். ரப்பர் சப்பாத்து, டென்னிஸ் ஆடுகிற வெள்ளைக் கால்சட்டை, முன்னைவிடப் பெருத்த வயிறு. சேர்வையும் காவல்காரர்களும் எட்டிப் போய் நின்றுகொண்டார்கள்.

“மாப்பிள்ளை, என்ன இது கோலம்? எந்திரிங்க. தோட்டத்து வாசல் தெறந்துதான் கெடக்கு. பின்னாடியா வந்து சாப்புட்டுட்டுப் படுங்க. யாரு பாக்கப்போறா?”

“வழக்கம் ஒண்ணு இருக்கே மச்சான்.”

“வழக்கமாம்! டில்லியில பேசிக்கிற பேச்சைப் பாத்தா அடுத்த வருசம் சமஸ்தானமே இருக்குமோ என்னமோ. இதுல வாசல் தண்ணி ஒரு கேடு.” சட்டென்று குரல் இறங்கிவிட்டது. “அந்தச் சட்டையப் போடச் சொன்னவன் நானு. ஆறு வருசமா எனக்கு அது இங்க நிக்குது.” நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

“போட்டவன் நான் மச்சான்.”

“மங்களா காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கலை. மாடி ஜன்னல்ல ஒரே நெலையா நிக்கிறா. உங்களுக்கு இருக்கிற வீம்புதான் அவளுக்கும். வாங்க சொல்றேன்.”

அல்விசே நிமிர்ந்து பார்த்தார். மாடியில் ஒரு ஜன்னலின் பச்சைத் தட்டி மட்டும் பாதி உயர்ந்திருந்தது. உள்ளே இருட்டு. அந்த இருட்டில் அவள் நிற்கிறாள். ஐந்து நிமிஷம் நடந்தால் போதும், கொய்யா மரங்களுக்கு நடுவில், கிளிக்கூண்டைத் தாண்டி, அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம். அந்தக் கையில் எந்நேரமும் இருக்கிற சந்தன வாசனை இங்கேவரை வந்தது, அல்லது வந்தது போலிருந்தது. உடம்பு எழுந்துவிட்டது, நாற்காலியின் கையைப் பிடித்தபடி பாதி எழுந்து அப்படியே நின்றார். தோட்டத்து வாசல் வழியாக மங்களாம்பாவிடம் போகலாம். ராஜாவிடம் போகலாம், சாப்பாட்டு மேஜைக்குப் போகலாம். தையலிடம் போகமுடியாது. அவளுடைய வாசல் இதுதான். நாற்பத்தொரு நாள் அவள் உட்கார்ந்த இடம் இதுதான். அவர் மறுபடி உட்கார்ந்தார்.

“நீங்க போங்க மச்சான். மங்களாவைச் சாப்பிடச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொன்னா சாப்பிட மாட்டா. நீங்க சொன்னதா சொல்லுங்க.”

ராஜா போனார். ஒரு தடவை திரும்பி, கையை உதறிவிட்டுப் போனார். அதற்கப்புறம் நேரம் வாசற்கல்லின் மேல் நிழலாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. அல்விசே கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சேவல், ஒரு துடைப்பத்தின் சத்தம், எங்கேயோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது, நெஞ்சும் கூடவே உருண்டது, பிறகு ஒன்றுமில்லை. விசித்திரமாக, பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துப் போய்விட்டது. பயத்துக்கும் பசி உண்டு போலிருக்கிறது, தீனி போடாவிட்டால் சோர்ந்து படுத்துக்கொள்கிறது. நாற்பத்தொரு நாள் என்பதை அவர் முதல் தடவையாக அவள் பக்கத்திலிருந்து நினைத்துப் பார்த்தார். முகாமில் நினைத்தபோதெல்லாம் அது அவருக்கு விழுந்த அடியாகத்தான் இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை, இதே கல், கொசு கடிக்கும், விளக்கு வைக்கிறவரை. இன்றைக்கு இல்லையா, சரி, நாளைக்கு. மறுநாளும் போயிருக்கிறாள். அதற்கு மறுநாளும். அவளுக்கு வெட்கமாக இருந்திருக்காதா, எல்லாரும் பார்க்க? இருந்திருக்கும். இருந்தும் போனாள். அவளுக்குத் தெரிந்த காரியம் ஒன்று இருந்திருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை.

உச்சிமணி அடித்தது. பன்னிரண்டும் அடித்து முடிகிறவரை சேர்வை தலையைக் குனிந்து நின்றார். பிறகு சப்பாத்தைக் கொண்டுவந்து, தன் துண்டால் ஒருமுறை துடைத்து, நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ஆயிருச்சுங்க சாமி.”

“சரி.” அல்விசே ஒரு காலுறையை எடுத்து உதறினார். “நாளைக்கு எத்தனை மணிக்கு வாசல் தெறப்பீங்க?”

“ஆறுக்குங்க. எப்பவும் போல…” சேர்வை நிறுத்தினார். “நாளைக்கா?”

“ரெண்டாம் நாள் வரக்கூடாதுன்னு இருக்கா?”

சேர்வை மீசையைத் தடவி யோசித்தார். “இருக்குன்னும் இல்லீங்க, இல்லைன்னும் இல்லை. யாரும் வந்ததில்லை. ஒருநாள் உக்காந்து தண்ணி வராமப் போனா, அந்த வெக்கத்துல எந்த ஆம்பளை திரும்ப வருவான்? எனக்குத் தெரிஞ்சு மூணு பேரு. மூணு பேரும் அந்தால போனவங்கதான்.”

“நான் வருவேன். எதிர்ல சத்திரத்துல எடம் இருக்குமில்ல?”

“ராஜா வீட்டு மாப்பிள்ளை சத்திரத்துலயா! ஊரு சிரிக்கும் சாமி.”

“சிரிக்கட்டும். கோந்துன்னு பேரு வச்சாச்சு, அப்புறம் என்ன.”

சேர்வைக்கு முகம் வெளிறிப் போயிற்று. பிறகு மீசைக்குள்ளேயே சிரித்துவிட்டார். “அதெல்லாம் சின்னப் பசங்க சொல்றது சாமி.”

“நீங்க சொல்லி நானே கேட்டிருக்கேன். தந்தி ஆபீஸ் எங்க இருக்கு? பம்பாய்க்கு ஒண்ணு குடுக்கணும். கப்பல்ல என் பேரை அடிச்சிரச் சொல்லணும்.”

இவ்வளவு லேசாக அது வாயிலிருந்து வந்துவிட்டதை எண்ணி அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. நாளைக்கு வருவேன். நாளன்றைக்கும். எத்தனை நாள் என்று அவருக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்லவுமில்லை. இது அவரால் செய்துவிடக்கூடிய காரியம்: ஒரு நாற்காலி, இரண்டு கால், ஆறு மணி. வலது காலில் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தபோது சேர்வை திடீரென்று பாராக்காரன் மாதிரி நிமிர்ந்தார். கதவைப் பார்த்தார் அல்விசே. கதவில் யாரும் இல்லை. சேர்வை பார்த்தது வேறு பக்கம். கோட்டைச் சுவரின் கிழக்குக் கொத்தளத்தைச் சுற்றிக்கொண்டு, வெளியிலிருந்து, அவள் வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் பித்தளைக் குடம். பாவாடை முழங்கால்வரை நனைந்து ஒட்டியிருந்தது. குடம் ஆடின ஆட்டத்திலேயே அது காலி என்று தெரிந்தது.

“மணி அடிச்சிருச்சே தாயி,” என்றார் சேர்வை, அழுகிற மாதிரி.

“நீங்க அடிச்ச மணி. பெரியத்தை ரூம் கடியாரத்துல இன்னும் பத்து நிமிசம் இருக்கு.” அவள் அல்விசேயைப் பார்க்கவில்லை. குடத்தைக் கீழே வைத்து, இரண்டு உள்ளங்கையையும் பாவாடையில் துடைத்தாள். கயிறு அறுத்துச் சிவந்திருந்தன. “கெழக்குக் கிணத்துத் தண்ணிதான் ஊத்தணுமாம். பிள்ளையே எறைக்கணுமாம். யாரும் கயித்தைத் தொடக்கூடாதாம். முக்கால் மணி நேரமா இழுக்கிறேன். பாதி வருது, அப்புறம் கைய விட்டு ஓடிருது.” மூச்சு வாங்கிற்று. “அப்பா தொடலாமா கூடாதான்னு கேட்டா யாருக்கும் தெரியலை.”

சேர்வை தலையைச் சொறிந்தார். “தன் காலுக்குத் தானே தண்ணி எறைக்கிறதுன்னா… அப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதில்லை தாயி.”

“கூடாதுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?”

“அதுவும் இல்லை.”

“அப்ப சரி,” என்றாள் தையல். குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அல்விசே ஒற்றைக் காலுறையோடு எழுந்தார், அதையும் இழுத்து எறிந்தார், பின்னாலேயே போனார். மணல் அடுப்பாகக் கொதித்தது. இரண்டு எட்டுக்கு ஒருமுறை குதித்தார். “செவுத்தோரமா நெழல்ல வாங்க,” என்றாள் அவள், திரும்பாமலே. கையகல நிழல்தான் இருந்தது. அதில் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். முன்னால் அந்தச் சின்ன வெட்டுமுடித் தலை. பிடரியில் ஒரு சுழி. இந்தச் சுழியை அவருக்குத் தெரியுமா? தெரியாது. இனிமேல் தெரியும்.

கிணறு கொத்தளத்தின் மறைவில் இருந்தது. அவள் குடத்தின் கழுத்தில் சுருக்கைப் போட்டு இறக்கினாள். ரொம்ப நேரம் கயிறு ஓடிக்கொண்டே இருந்தது. அடியில் தண்ணீர் தொட்ட சத்தம் வந்ததும், “நான் ‘ம்’னு சொன்னா இழுக்கணும். முன்னாடி இழுக்கக்கூடாது,” என்றாள். அவர் அவளுக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தார். அவள் கை முன்னால், அவர் கை பின்னால், இடையில் ஒரு முழக் கயிறு.

“ம்.”

இழுத்தார்கள். எடை வந்தது. ராட்டினம் கிறீச்சிட்டது.

“நான் தூண்கிட்ட வந்து உக்காந்தப்ப,” என்றாள் தையல், கிணற்றுக்குள் பார்த்தபடி, “நான்தான்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

பொய் ஒன்று நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது, வழக்கம்போல அழகாக உடுத்திக்கொண்டு.

“இல்ல,” என்றார் அல்விசே. “தெரியலை.”

கயிறு ஒரு சாண் நழுவியது. இருவரும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

“எனக்கும் தெரியலை,” என்றாள். “தாடியெல்லாம் வச்சுக்கிட்டு வேற மாதிரி ஆளா வருவீங்கன்னு நெனச்சேன். இது யாரோ தொரைன்னு பக்கத்துல வந்து பாத்தேன். நீங்க முடியப் பத்திச் சொன்னீங்களே, அப்பத்தான் நிச்சயமாத் தெரிஞ்சுது.”

அவருக்குக் கண் நிரம்பி வழிந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டும் கயிற்றில் இருந்தன. அவள் திரும்பி, முதல்முறையாக நேராக, அந்த முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

“விட்ராதீங்க,” என்றாள். “வந்துருச்சு. ம்.”